வாப்பாவின் காட்டுக்கு நான் சொல்லாத சாட்சி

ஹுன்னஸ்கிரியப் பக்கம் மலைச்சரிவில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு காடு இருந்தது. அதில் அவர் கோடரி வைத்ததே இல்லை. எங்கள் ஊர் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அங்கேதான் ஊறியது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, என்னையும் என் மூத்த சகோதரி ராத்தாவையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"மேக்காட்டைப் பள்ளிக்கு வக்பு செஞ்சிட்டேன். இனி அத வெட்டவும் ஏலா, விக்கவும் ஏலா."

எழுத்து ஒன்றும் வைக்கவில்லை. வக்புக்கு வாய்ச்சொல்லும் சாட்சியும் போதும் என்பது அன்றைய வழக்கம்.

அடுத்த வருடம் வாப்பா மௌத்தாகி அடக்கமானார். பக்கத்துத் தோட்டத்துரை தேயிலை நடக் காட்டைக் கேட்டார். எங்கள் மூத்த சகோதரர் நானாவுக்கு விற்க ஆசை. ராத்தா வக்பைச் சொன்னாள். ஒருத்தி சொல் போதாதென்று, பள்ளிவாசல் லெப்பை என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்ச புள்ள. வாப்பா செல்லினது உண்மையா?"

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எனக்கு உத்தியோகம். வாடகை அறையில் இருந்து அலுத்துப்போய், டவுனில் சொந்த வீடு வேண்டுமென்று நினைத்தேன். என் குற்றத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

காடு பங்கானது. நானாவும் நானும் எங்கள் இரண்டு பங்கையும் துரைக்கு விற்றோம். ராத்தாவின் பங்கு சிறியது. மேலே, ஊற்றைச் சுற்றிய துண்டு. துரையின் கங்காணி மூன்று தடவை வந்து கேட்டுப் பார்த்தான்.

"மரத்த வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க? தேயிலை போட்டா மகாராணி மாதிரி இருக்கலாமே!"

"மகாராணிக்குத் தண்ணி வேணாமா?" என்று அனுப்பிவிட்டாளாம்.

பத்து வருடம் போயிற்று. மரம் வெட்டித் தேயிலை நட்ட எங்கள் பங்கில் மழைக்கு மண் கரைந்து வயலில் இறங்கியது. ஊர் வாய்க்காலில் வந்த கொஞ்சத் தண்ணீரும் ராத்தாவின் துண்டிலிருந்துதான் வந்தது. நான் கட்டிய வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் ராத்தா கண்டிக்கு வந்தாள். கதிரையில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி, என்ட துண்ட வக்பு செய்யப் போறேன். வாய்ச்சொல்ல நம்ப எனக்கு ஏலா. நொத்தாரிசுக்குக் குடுக்க எழுதித் தாங்க."

"நான்தான் எழுதணுமா?"

"வேற ஆர்? ஒங்களுக்குத்தானே படிப்பு ஈக்கிது. ஞாபகந்தான் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. நான் பேனாவை எடுத்தேன். நொத்தாரிசு பதியும் காணி உறுதிப் பத்திரத்தில் நாலு எல்லையும் எழுத வேண்டும். வடக்கே மலைமுகடு. கிழக்கே தேயிலைத் தோட்டம். தெற்கும் அதுவே.

"மேற்கே?" என்று கேட்டேன்.

"ஒங்கட பங்கு" என்றாள்.

விற்றவன் பெயரையும் எழுதுவது முறை. 'மேற்கே, முன்பு இன்னாருக்குச் சொந்தமாயிருந்து இப்போது தேயிலைத் தோட்டமாயிருக்கும் காணி' என்று என் பெயரை நானே எழுதினேன். மை காயும்வரை ராத்தா காத்திருந்து, தாளை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.