மூடத்தான் வந்தேன்!

விளம்பரக் கம்பெனியில் அவள் சேர்ந்தது போன் எடுக்கும் வேலைக்குத்தான். ஒருநாள் சோப்பு விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுல இப்படிப் பேசுவாங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவைத்தாள். மேலாளர் அவளை எழுதுகிறவர்களின் மேசைக்கே மாற்றிவிட்டார்.

புதிய வேலையில் நேரங்காலம் கிடையாது. மகளைக் குளிப்பாட்டி, கோணல்மாணலாய்ச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் தானாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை, ஆண்களுக்கான முகக் க்ரீம் விளம்பரம் வந்தது. "கடையில வாங்கப்போறது பொம்பளைங்க. அவங்க சிரிக்கணும்" என்றார் மேலாளர். குதிரை, மலை, மோட்டார் சைக்கிள் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை குளியலறையை எட்டிப் பார்த்தாள். கணவர் அவளுடைய க்ரீம் டப்பாவில் விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தார். டப்பா சீக்கிரம் தீருவதும், கேட்டால் "எனக்கென்ன தெரியும்?" என்று அவர் சாதிப்பதும் அந்த வீட்டில் நெடுநாள் வழக்கு. அன்று கையும் களவுமாய் மாட்டிக்கொண்டார்.

"மூடி திறந்து கிடந்துச்சு... மூடத்தான் வந்தேன்" என்றார், மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டோடு.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாலைக்குள் விளம்பரம் தயார். மூக்கில் க்ரீமோடு ஒரு மனிதர், "மூடத்தான் வந்தேன்!" என்கிறார். கீழே, "உங்க க்ரீமைக் காப்பாத்துங்க. அவருக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."

மேலாளர் துள்ளிக் குதித்தார். அவளுக்கோ தயக்கம். வீட்டுச் சங்கதியை ஊருக்குப் போட்டு உடைப்பதா?

"ஏங்க, உங்களைக் கேக்காம எழுதிட்டேன். வேணாம்னா நிறுத்திடறேன்" என்றாள், அவர் சாப்பிட உட்கார்ந்ததும்.

"என் மூஞ்சியா வருது?"

"இல்ல, ஒரு நடிகர்."

"என்னைவிட அழகா இருப்பானா?"

"தொப்பை கம்மி."

"அப்ப தாராளமா போடு. எனக்குத்தான் லாபம்."

விளம்பரம் பஸ் முதுகிலெல்லாம் ஏறியது. அவர் மனைவி எங்கே வேலை பார்க்கிறாள் என்பது பட்டறைக்கே தெரியும். ஒரே நாளில் அவருக்கு 'மூடி' என்று பேர் விழுந்தது. காதில் விழுந்ததும் அவள் கூனிக் குறுகிப்போனாள்.

"அட, நீ வேற" என்றார் அவர். "காலையில எல்லாரும் ஓட்டினானுங்க. சாயங்காலம் ஒவ்வொருத்தனா வந்து காதைக் கடிக்கிறான், 'அண்ணே, நானும் அந்த கேஸ்தான்'னு. எங்க போர்மேன் வீட்டம்மா டப்பாவை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்களாம்!"

க்ரீம் நன்றாக விற்றது. கம்பெனி எல்லோரையும் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தது. ரெண்டு வார்த்தை பேசு என்று மேலாளர் சொன்னதும் அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் என்னைப் பாராட்டறீங்க. நான் எழுதினதுக்கு ஊரே ஒருத்தரைப் பார்த்துச் சிரிச்சுது. அவரு கோவிச்சிருந்தா நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன். அவரும் சேர்ந்து சிரிச்சாரு. அது எல்லாருக்கும் அமையாது. எனக்கு அமைஞ்சுது." சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அம்மா உன்னைத்தான் சொல்றாங்க."

"தெரியும்டா. கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.