பிளாட்பாரத்தில் ஏறி நின்ற சிக்னல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ரயில் வந்து நின்றது. அகலப்பாதை போட்டு முடித்து தேனிக்கு ரயில் திரும்ப வந்தபோது சும்மா வேடிக்கை பார்க்கப் போய் மதுரை வரை டிக்கெட் எடுத்துவிட்ட ஆள் நான். வீட்டுக்குள்ளேயே வந்தால் விடுவேனா?

என் மனைவி அமுதா ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இருந்தபடிதான். ரயில் பாதைகளுக்குப் பொதுவாக ஒரு டேட்டா மாடல் செய்வது அவள் வேலை. 'அப்படின்னா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். கல்யாணமான நாளில் இருந்து அவள் வேலை எனக்குப் புரிந்தது இந்த ஒரு தடவைதான்.

ஒரு சிக்னல் கம்பம் இருக்கிறது என்று வையுங்கள். தண்டவாளத்துக்காரர் அதை 'இத்தனையாவது கிலோமீட்டர்' என்பார். சிக்னல்காரர் 'ஸ்டேஷன் கட்டடத்தின் நடுவில் இருந்து இத்தனை மீட்டர்' என்பார். கரன்ட் கம்பிக்காரர் 'இந்த நம்பர் போஸ்ட்டுக்குப் பக்கத்தில்' என்பார். கம்பம் ஒன்று... விலாசம் மூன்று. ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒருத்தர் மாற்றினால் இன்னொருத்தருக்குத் தெரியாது. இனிமேல் கம்பத்துக்கு ஒரே அடையாளம் — யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அதே கம்பம் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் டேட்டா மாடல்.

எனக்குப் பரபரவென்று ஆகிவிட்டது. "இது இல்லாமலா இத்தனை நாள் ரயில் ஓடுது?" என்றேன்.

"ஓடுது. ஒரே வேலைய மூணு தடவ பாத்து ஓடுது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதை சென்னைக்கு வீடியோவில் காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டால் தேனியிலேயே வேலை தொடரும். இல்லையென்றால் டீமைக் கலைத்துவிட்டு, அமுதாவை மறுபடி சென்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாரக் கடைசியில் பஸ் ஏறி வருவது, வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பப் பஸ் ஏறுவது — அந்தக் கூத்தெல்லாம் முடிந்து இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது. முந்தின நாளே பரணில் கிடந்த பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

காலையிலேயே அவள் டீம் ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தண்டவாளக் கணக்கு முத்தையா அண்ணன், ஆண்டிபட்டிக்காரர். சிக்னல் கணக்கு அருளப்பன் சார், கம்பம் ஊர்க்காரர். சோதித்துப் பார்க்க நம்ம பக்கத்து லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனை எடுத்துக்கொண்டார்கள். அமுதா பட்டனைத் தட்டினாள். திரையில் தண்டவாளம் வந்தது. பிளாட்பாரம் வந்தது. சிக்னலும் வந்தது — பிளாட்பாரத்துக்கு நட்டநடுவில். ரயிலுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நிற்கிறது.

"உங்க பிளாட்பாரம் தள்ளிப் போயிருக்குண்ணே," என்றார் அருளப்பன்.

"பிளாட்பாரம் எங்கய்யா போகும்? உம்ம சிக்னல்தான் நடந்து வந்திருக்கு," என்றார் முத்தையா.

இரண்டு பேரும் முதலில் இருந்து கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் சரி. சிக்னல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. மத்தியானம் ஆகிவிட்டது. அமுதா கோபம் வந்தால் கத்துவாள், பயம் வந்தால் கையில் அகப்பட்டதைத் துடைப்பாள். அன்றைக்கு மேஜையை மூன்று தடவை துடைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஃபோன். மத்தியானச் சாப்பாடு சொல்லியிருந்த மெஸ் அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, நீங்க சொன்னாப்புலதான் வந்தேன். பஸ் ஸ்டாண்ட தாண்டி மூணாவது சந்து. இங்கன சந்தும் இல்ல, வீடும் இல்ல. சாம்பார் ஆறுது."

"எந்த பஸ் ஸ்டாண்டு, அக்கா?"

"இதென்னண்ணே கேள்வி? புது பஸ் ஸ்டாண்டுதான்."

எங்கள் தெருவில் வழி சொல்கிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. ஊருக்கு வெளியே புது பஸ் ஸ்டாண்ட் வந்து எத்தனை வருஷமானாலும், வாய் பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்துதான் கிளம்பும். பாவம், அக்கா மெஸ் வைத்திருப்பதோ புதுசுக்குப் பக்கத்தில்.

எல்லோரும் என்னைத் திட்டத் தயாரான நேரத்தில் அமுதா எழுந்து நின்றாள்.

"அருளப்பன் சார், நீங்க எந்தக் கட்டடத்துல இருந்து அளந்தீக?"

"ஸ்டேஷன் கட்டடம்தான்மா."

"பழசா, புதுசா?"

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் கணக்கு எடுத்தது பழைய வரைபடத்தில் இருந்து. அகலப்பாதை வந்தபோது அந்த ஸ்டேஷன் கட்டடத்தை இடித்து, கொஞ்சம் தள்ளிப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். அவர் மனசில் மட்டும் அது பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. கம்ப்யூட்டரோ அவர் சொன்ன தூரத்தைப் புதுசில் இருந்து எண்ணியிருக்கிறது.

"அப்ப நம்பர மாத்திருவமா?" என்றார் முத்தையா.

"மாத்துனா இன்னைக்குச் சரியாப் போகுண்ணே. நாளைக்கு இன்னொரு கட்டடத்த இடிப்பாக," என்றாள் அமுதா. மாடலில் தூரத்துக்கு இடம் இருந்தது. எங்கே இருந்து தூரம் என்பதற்கு இடமே இல்லை. அதைச் சேர்த்தாள். பழைய கட்டடத்துக்கு ஓர் அடையாளம், புதுசுக்கு ஓர் அடையாளம். எந்த அளவும் தான் புறப்பட்ட இடத்தைச் சொல்லாமல் உள்ளே வர முடியாது.

மறுபடி பட்டன். சிக்னல் பிளாட்பாரத்தை விட்டு வழுக்கிப் போய்த் தன் இடத்தில் நின்றது. நான் கை தட்டிவிட்டேன். அருளப்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரும் தட்டினார்.

சும்மா சொல்லவில்லை, எனக்கு இன்னும் புல்லரிப்பு அடங்கவில்லை. யோசித்துப் பாருங்கள்... நம் வீட்டுச் சண்டைகளில் பாதி இதுதானே? சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது என்று முறுக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் அளப்பது அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் இருந்து, நாம் அளப்பது நம் ஊர்க் கல்யாணத்தில் இருந்து. இரண்டு கணக்கும் சரி. யாராவது 'எங்கே இருந்து?' என்று கேட்கிறோமா?

சாயங்காலம் சென்னை ஒத்துக்கொண்டது. முழு லைனையும் இதிலேயே ஏற்றச் சொல்லிவிட்டார்கள். அவர் ஊரான கம்பத்துக்கும் ஒரு நாள் ரயில் வந்தால் முதலில் எங்கள் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வரும் என்று அருளப்பனிடம் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு அமுதா கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, "என்னங்க, அந்த சூட்கேஸ பழைய இடத்துலயே வச்சிருங்க," என்றாள்.

எந்த ரூம் பரண் என்று கேட்டுக்கொண்டுதான் தூக்கினேன்.