இடது தோளில் ஒரு சிவப்பு அம்பு

"விசுவாசமாக இருங்கள், வழி திறக்கும்" என்று சொல்பவர்களை எனக்குக் கொஞ்ச நாளாகப் பிடிக்கவில்லை. சொல்கிற யாருக்கும் வேலை போகவில்லை என்பதுதான் காரணம். தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் என் அக்கா தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ படமும் அதன்மேல் ஒரு பைபிள் வசனமும் போனில் அனுப்புவாள். அத்தான் அரசுப் பள்ளி வாத்தியார். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிற வீட்டிலிருந்து வரும் வசனத்தை நான் எந்த முகத்தோடு படிப்பது? படத்தை அழித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தோம். அவர் ஓவர்லாக் டைலர், நான் செக்கிங். தைத்து வரும் பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எங்கே பழுது இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். விரல்நகம் அளவுதான் அந்த ஸ்டிக்கர். அதை ஒட்டிவிட்டால் அந்த பீஸ் பெட்டிக்குள் போக முடியாது. நல்ல பீஸ் வந்தால் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. மடித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். இத்தனை வருடமாகப் பழுதை மட்டுமே தேடிப் பழகிய கண் என்னுடையது.

இந்த வருடம் வெளிநாட்டில் வரியைக் கூட்டிவிட்டார்கள், ஆர்டர் நின்றுவிட்டது என்றார்கள். முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். பிறகு, போன் பண்ணுகிறோம், அப்போது வந்தால் போதும் என்றார்கள். போன் வரவில்லை. ஒருநாள் வீட்டில் கைப்பையைக் கவிழ்த்தபோது பாதி தீர்ந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று உருண்டு விழுந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன். கேட்டில் வாட்ச்மேன்கூட இல்லை.

நல்லூரில் ஐந்து வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் எங்களுடையது மூன்றாவது. முன்னால் இருக்கும் பெரிய வீட்டில் வீட்டுக்கார அம்மா. எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. காலை முதல் மாலை வரை இரண்டு பெரியவர்களும் பத்தாம் வகுப்பு எழுதி முடித்த ஒரு பெண்ணும் அதற்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும்? எனக்கு எல்லாமே பழுதாகத் தெரிந்தது. குழாய் சொட்டியது. ஈரத்துண்டு கட்டில்மேல் கிடந்தது. மகள் தலைசீவிய சீப்பில் முடி சுற்றியிருந்தது. முதல் ஸ்டிக்கரை விளையாட்டாகத்தான் ஒட்டினேன், அவர் சட்டையில் பட்டன் தொங்கிய இடத்தில். அவரும் சிரித்தார். அப்புறம் குழாயில் ஒன்று, சீப்பில் ஒன்று, கதவுக் கொண்டியில் ஒன்று. வாயால் சொன்னால்தான் சண்டை வருகிறது, ஸ்டிக்கர் சத்தம் போடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது.

அவருக்கு வேறு மாதிரிப் பைத்தியம். கம்பெனியில் பதினொரு மணிக்கு டீ கொடுப்பார்கள். வீட்டிலும் அந்த நேரம் வந்தால் மனிதரால் உட்கார முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் வந்திராதவர், தானே டீ போடக் கிளம்பினார். முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டாம் நாள் இஞ்சியைத் தட்டி நேராகப் பாலில் போட்டுத் திரிய வைத்தார். மூன்றாம் நாள் பாயசம் மாதிரி ஒரு டீ. பால் விற்கிற விலையில் இது தேவையா என்று எனக்கு எரிச்சல். டீப் பாத்திரத்தின் கைப்பிடியில் ஓர் அம்பை ஒட்டினேன். அவர் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். அன்றிலிருந்து நாலு மணிக்கும் டீ போட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, ஒருவர் வசனம் வாசித்த பிறகு, ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நேரில் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வோம், பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் நாவடக்கத்தைத் தாரும்" என்பார் அவர். "ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பேன் நான். ஒருநாள் மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அம்மாவுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கச் செய்யும்" என்றாள். நானும் உருகி ஆமென் சொன்னேன். பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. பகல் பொழுதில் நான் வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள்.

இதற்கு நடுவில் அக்கா போன் பண்ணினாள். "பிள்ளைய எங்கூட அனுப்பு. பிளஸ் ஒன் இங்கயே படிக்கட்டும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். அவருக்குப் பாதி மனது இருந்தது. முடியாது என்று சொன்னது மகள்தான். "நான் எங்கயும் போகல. நீங்க ரெண்டு பேரும் இருக்கிற எடத்துலதான் நானும் இருப்பேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆனால் நல்ல பீஸ் வந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுப்பவள் அல்லவா நான். "சரி, போய் அரிசியில கல்லு பொறுக்கு" என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை பரீட்சை முடிவு வந்தது. மார்க் தாளை அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நாலு பாடத்தில் எண்பதுக்கு மேல், கணக்கில் அறுபத்தொன்று. நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாகப் போய்க் கணக்குக்குப் பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டியது. அவள் முகம் அப்படியே வாடிப்போனது. "உங்க மேலயும் ஒண்ணு ஒட்டணும்மா. அப்பத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். மற்றவர்கள் வந்து எனக்குக் கார் கிடைத்தது, மனை கிடைத்தது என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வீம்பு. எழுந்து முன்னால் போனேன். வேலை இல்லாவிட்டாலும் என் வீட்டில் சமாதானம் இருக்கிறது, ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் நடத்துகிறார் என்று மைக்கில் சொன்னேன். அத்தனையும் பொய். இரண்டாம் வரிசையில் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொய் என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று கூசிப்போய் வந்து உட்கார்ந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் வீட்டுக்கார அம்மா. "ஏங்கண்ணு, தோள்ல என்னமோ செவப்பா ஒட்டியிருக்குது பாரு" என்றார்.

என் இடது தோளில், சந்தன நிறச் சேலையில், பளிச்சென்று ஓர் அம்பு. அதன் நுனி என் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் பாதிப்பேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். சிவப்பு அம்புக்கு அர்த்தம் தெரியாத ஆள் அங்கே கிடையாது. ஒரு குறையும் இல்லை என்று நான் சாட்சி சொல்லும்போது அத்தனை பேரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உள்ளே போனதும் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒட்டலம்மா."

"பொய் வேற சொல்லுதியா? உங்க மேலயும் ஒட்டணும்னு சொன்னவ யாரு? சபையில எம் மானத்த வாங்கிட்டியே. இனிமே எம் மூஞ்சியில முழிக்காத."

அவள் அழவில்லை. நான் எதிர்பார்த்த மாதிரி எதிர்த்தும் பேசவில்லை. அவள் அப்பாவைப் பார்த்து, "எப்பா, பெரியம்மா வீட்டுக்கு டிக்கெட் போடுங்க" என்றாள். வரும் வியாழக்கிழமை மத்தியானம் கோயில்வழி பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்படும் வண்டியில் அவர் டிக்கெட் போட்டார். வேண்டாம் என்று சொல்ல என் ரோஷம் என்னை விடவில்லை.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஜெபத்திலும் என்னை விட்டுவிட்டாள். "அப்பாவையும் பெரியம்மாவையும் கூடப் படித்த பிள்ளைகளையும் ஆசீர்வதியும், ஆமென்" என்று முடித்துவிடுவாள். வேலை போனபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் சிநேகிதிகளைப் பார்க்க வெளியே போயிருந்தாள். அவள் துணிகளைப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கடைசியாகக் கீழ் மடிப்பு. வழக்கமான அதே வரிசையில் கை ஓடியது. கம்பெனியில் நான் பார்த்த எந்தத் துணியும் யார் உடம்புக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. இது இவள் உடம்புக்கு. இந்த அக்குள் பிரிந்து நான் தைத்துக் கொடுத்தது, இந்தக் கறை அவள் மாமரத்தில் ஏறிய அன்று பட்டது. ஒவ்வொன்றாக மடித்து வைக்கும்போது, ஆண்டவரே, இவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகப் பாயில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் சண்டை. உண்மையாகக் கேட்டது அந்த வாசலில் உட்கார்ந்துதான். மனது அடங்கியிருந்தது, பிசிறு வெட்டுவதும் மடிப்பதுமாக நேரம் போனதே தெரியவில்லை.

"ஏளா, டீ ஆறுது" என்று டம்ளரோடு வந்தவர், அப்படியே நின்று என் தோளைப் பார்த்தார். "இது யாரு ஒட்டுனா?"

குனிந்து பார்த்தேன். இடது தோளில் இரண்டு சிவப்பு அம்புகள். மகள் வீட்டிலேயே இல்லை. எப்போது எடுத்தேனோ, ஸ்டிக்கர் சுருள் என் மடியில் கிடந்தது.

செக்கிங்கில் ஒவ்வொரு தடவையும் சுருளிலிருந்து உரித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் ஒன்றிரண்டை முன்னாலேயே உரித்து இடது தோளில் ஒட்டி வைத்துக்கொள்வோம். தேவைப்படும்போது கை அங்கே போய் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பழகிப்போனதால் ஒட்டுவதும் தெரியாது, எடுப்பதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பி நின்றபோது, அவர் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிசிறு பார்த்தது நான்தான். ஒட்டியதும் நான்தான்.

அவருக்கும் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவதற்கு நல்ல வாய்ப்பு, ஆனால் திட்டவில்லை. "பிள்ளகிட்ட சொல்லிரு" என்றார் டம்ளரை என் கையில் கொடுத்து. "எப்படிச் சொல்ல?" என்றேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய வீடா எங்களுடையது?

அன்று சாயங்காலம் பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது, என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். 

"ஆண்டவரே, அந்த ஸ்டிக்கரை என் தோளில் ஒட்டியது நானே. என் மகள் இல்லை. அவள்மேல் பழி போட்டேன். அவள் வாங்கிய நாலு நல்ல மார்க்கை நான் பார்க்கவே இல்லை. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீரே அவளிடம் சொல்லும்."

அடுத்து மகளின் முறை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என்ன சொல்லப்போகிறாளோ என்று கண்ணை மூடியபடியே காத்திருந்தேன்.

"ஆண்டவரே, பெரியம்மா வீட்டிலாவது பதினொரு மணிக்கு நல்ல டீ கிடைக்கச் செய்யும்."

"ஏட்டி!" என்று இவர் ஜெபத்துக்கு நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது. ஆனாலும் பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியேதான் இருந்தது, டிக்கெட்டும் அப்படியேதான் இருந்தது. இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். லேசாக அடிப்பிடித்த வாசனை. நான் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஓர் அம்பை உரித்தாள். என் முன்னால் வந்து நின்று, இடது தோளில் அதே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இதுதான் நான் ஒட்டுனது. அது நான் ஒட்டல."

"ஆமா. நீ ஒட்டல."

"எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

 பிறகு மீதி டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே, "எப்பா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க" என்றாள்.

கம்பெனியிலிருந்து போன் இன்னும் வரவில்லை. ஆர்டர் விஷயத்தில் ஆண்டவர்மேல் எனக்கு இருக்கும் கோபமும் தீரவில்லை. அக்காவின் ரோஜாப்பூக்களை இப்போதும் அழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று மத்தியானம் ரேஷன் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வீட்டுக்கார அம்மா என்னை நிறுத்தினார்.

"கண்ணு, மறுக்காவும் ஒட்டியிருக்குது பாரு."

"இருக்கட்டுங்க" என்றேன். "இது எம் பிள்ள ஒட்டுனதுங்க."