முள் எடுத்து வைத்த மத்தி

இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு அநியாயம் செய்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். விஷயமே அதுதான்.

முதலில் என் புதன்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் வார நாட்களின் ராத்திரிச் சமையல் என்னுடையது. மனைவி மல்லிகா வெண்ணந்தூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, இரண்டு பஸ் மாறி, அஸ்தம்பட்டியில் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். என் ஆபீஸோ வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். ஆறு மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். அப்புறம் யார் அடுப்பைப் பற்றவைப்பது என்று பட்டிமன்றமா நடத்த முடியும்?

நான்கு வருடமாகச் சமைக்கிறேன். நான் கண்டுபிடித்த உண்மை ஒன்றே ஒன்று — வேலை முடித்துக் களைத்து வருகிறவனுக்கு மீனைப் போலத் தோழன் கிடையாது. ஆட்டுக்கறி என்றால் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். கோழி என்றால் வெங்காயம் வதக்கியே கை ஓய்ந்துவிடும். மீனுக்கு என்ன கேடு? மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, இஞ்சி பூண்டு விழுது, அரை மூடி எலுமிச்சை. தடவி வைத்துவிட்டு ஒரு அடுப்பில் சாதம், இன்னொன்றில் ரசம். ரசம் நுரை கட்டி இறங்கியதும் அந்த அடுப்பில் தோசைக்கல். அரை மணி நேரத்தில் சாப்பாடு ரெடி!

கடலுக்கு இத்தனை தூரத்தில் இருக்கிற சேலத்துக்காரனுக்கு மீன் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்காதீர்கள். ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. மேட்டூரிலிருந்து டேம் மீன் வருகிறது. வருகிற மீனை விடுவானேன்?

அந்தப் புதன்கிழமை காலை, ஆபீஸில் இருந்தபடியே மீன்கடை அக்காவுக்கு போன் செய்தேன். “மத்தி வந்திருக்கா? முக்கால் கிலோ சுத்தம் பண்ணி வெச்சிருங்கக்கா” என்று சொல்லிவிட்டு போனை வைத்தால், அடுத்த மேஜையிலிருந்து ஒரு குரல்.

“மத்திங்களா சார்?”

குமரேசன். முப்பத்தைந்து வயசிருக்கும். திருச்செங்கோட்டுக்காரர். மூன்று மாதம் முன்புதான் எங்கள் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கம்ப்யூட்டர் படித்துச் சொல்வதைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே, எங்களை விட வேகமாக வேலையை முடித்துவிட்டு டீக்குக் கிளம்புகிற ஆள். மனைவிக்கு ஊரில் வேலை என்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார்.

“ஆமா குமரேசன். உங்களுக்குப் பிடிக்குமா?”

“புடிக்குமாங்களா! இந்த ஊருக்கு வந்ததுல இருந்து மெஸ்ஸுல ஒரு துண்டு கட்லா போடறாங்க. மத்தி தின்னு எத்தனை நாளாச்சுங்க...”

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எவன் கூப்பிடாமல் இருப்பான்? “இன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டுல சாப்பாடு” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் மீனை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

முள்!

மத்தியில் முள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நடு முள், விலா முள், மயிர் மாதிரி பொடி முள். பார்வை உள்ளவனே தடுமாறுவான். இந்த மனிதர் எப்படிச் சாப்பிடுவார்? தொண்டையில் மாட்டிக்கொண்டால்? அங்கேயே நின்று மல்லிகாவுக்கு போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே முழுக்கதையையும் கேட்டாள்.

“இதுக்கு என்னை எதுக்குங்க கேக்கறீங்க? அவரையே கேளுங்க. முழுசா வெக்கட்டுமா, எடுத்து வெக்கட்டுமான்னு. அவ்வளவுதான?”

அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கேட்க நா எழவில்லை. கேட்டால் மனசு புண்படுமே... என்று நானே முடிவு செய்துகொண்டேன். மனசு அவருடையது. முடிவு என்னுடையது!

ஏழேகாலுக்கு அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே மல்லிகாவும் வந்துவிட்டாள். இருவரும் ஹாலில் திருச்செங்கோட்டுக் கதை பேசிக்கொண்டிருக்க, சமையலறையில் நான் திருடன் போல உட்கார்ந்து வறுத்த மீன் நாலைப் பிய்த்து, ஒவ்வொரு முள்ளாகத் தேடி எடுத்து, சதையை மட்டும் அழகாகக் குவித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அதை அப்படியே அவர் தட்டில் வைத்தேன்.

குமரேசன் ஆவலோடு கையை நீட்டினார். விரல்கள் குவியலைத் தொட்டன. அப்படியே நின்றன.

“சார்... இது மீனுங்களா?”

“மத்திதான் குமரேசன்.”

“தலை, வால் ஒண்ணையும் காணோமுங்களே?”

“அது... கடையிலயே இப்படித்தான் குடுத்தாங்க.”

பொய். வாயில் தானாக வந்துவிட்டது. எதிரே மல்லிகா என் தட்டைப் பார்த்தாள். அதில் தலையும் வாலுமாக மூன்று மத்தி கிடந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சையில் காப்பி அடிக்கிற பையனைப் பார்ப்பாளே... அந்தப் பார்வை.

குமரேசன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். “நல்லா இருக்குதுங்க” என்றார். இன்னும் கொஞ்சம் வைக்கிறேன் என்றபோது, போதும் என்று தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார். காலையில் மத்தி என்ற பெயரைக் கேட்டே மலர்ந்த முகம், சாப்பிட்டு முடித்தபோது ஆபீஸ் முகமாக இருந்தது.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மல்லிகா காத்திருந்தாள்.

“ஏனுங்க, போன வருஷம் உங்க தொண்டையில முள்ளு மாட்டி, டாக்டர் கிட்டப் போனமே. அதுக்கப்புறம் உங்களுக்கு நான் பிச்சா வெக்கறேன்?”

“நான் வேற, அவர் வேற இல்லையா?”

“அதைத்தான் அந்த மனுசன் கிட்டத் தட்டுல வெச்சுச் சொல்லிட்டீங்க.”

அன்று தூக்கம் சரியில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் நேராக அவரிடம் போனேன். “குமரேசன், நேத்து உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங்க சார்.”

“தெரியுமா? எப்படி?”

“மசாலா உள்சதையில எல்லாம் அங்கங்க ஒட்டியிருந்துச்சுங்க. வறுத்ததுக்கு அப்புறம் பிச்சாத்தான் அப்படி ஆவும். அப்புறம் சாதம் சூடா இருக்குது, ரசம் சூடா இருக்குது, என் மீனு மட்டும் ஆறிப்போயிருக்குது. கையில வெச்சு ரொம்ப நேரம் பாடுபட்டிருக்கீங்க.”

நான் அசடு வழிந்தேன். “கோபமா?”

“கோவமெல்லாம் இல்லைங்க. ஏமாத்தமா போச்சுங்க. நடு முள்ளைப் புடிச்சு மெல்லத் தூக்கினா சதை ரெண்டு பக்கமும் அப்படியே கழண்டு வருமில்லைங்க... அதுக்குத்தானுங்க மத்தி திங்கறது! நீங்க உப்புமா மாதிரி வெச்சுட்டீங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “சின்ன வயசுல இருந்தே இப்படித்தானுங்க சார். சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போனா எல்லாருத்துக்கும் முழு மீனு வெப்பாங்க. எனக்கு மட்டும் பிச்சு வெப்பாங்க. எங்கம்மா ஒருத்திதான் முழுசா போட்டுட்டு, பாத்துத் தின்னுடான்னு சொல்லும். மத்தவங்க எல்லாம் பாசத்துலதான் செய்வாங்க. அதனால வேண்டாமுன்னு சொல்லவும் முடியாது பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வெறுப்பில் ஒருவர் செய்வதைத் தட்டிக் கேட்கலாம். பாசத்தில் செய்வதை? முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மென்று விழுங்க வேண்டியதுதான்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். “முள் மீனை எப்படிச் சாப்பிடுவீங்க குமரேசன்?”

“வாயில சொன்னா வெளங்காதுங்க. அடுத்த புதங்கெழமை நம்ம ஊட்டுக்கு வாங்க. நானே செஞ்சு போடறேன்.”

அந்த ஒரு வாரம் எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது போல இருந்தது. அத்தனை ஆவல்.

போன புதன்கிழமை இருவரும் ஆபீஸிலிருந்து நேராக மீன்கடைக்குப் போனோம். “அக்கா, ஒண்ணு கையில குடுங்க” என்றார். கட்டை விரலால் மீனின் வயிற்றை அமுக்கினார். செவுளைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். “இது நேத்து வந்ததுங்க. அடியில வேற பொட்டி இருக்குமே?”

அக்கா அசந்துபோய், கீழே இருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தாள். பளபளவென்று வேறு மத்தி! நான் அவளை முறைத்தேன்.

“சாரு ஒரு நாளும் கேட்டதில்லையே” என்றாள், ஒன்றும் நடக்காதது போல.

அவர் வீட்டுச் சமையலறை என்னுடையதைப் போல இரண்டு ஆள் நின்றால் நிறையும் அளவுதான். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ரசமும் சாதமும் காலையிலேயே வைத்துவிட்டாராம். மசாலா தடவ ஐந்து நிமிஷம். தோசைக்கல்லின் மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். எண்ணெய் ஊற்றினார். முதல் ஈடாக நாலு மீனை, வால் தன் பக்கம் இருக்கும்படி வரிசையாக வைத்தார்.

“ஏன் எல்லாம் ஒரே பக்கம்?”

“திருப்பறப்ப எது எங்க இருக்குதுன்னு தேடக் கூடாதுங்களே.”

“வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“சத்தம் கேளுங்க சார்.”

கேட்டேன். சடசட என்றது. எல்லா மீனும் சடசட என்றுதானே சொல்லும்?

“இப்ப மீன்ல இருக்கற தண்ணி பேசுதுங்க. அது அடங்கி, சன்னமா ஒரு சத்தம் வரும். அப்ப கரண்டி விட்டா ஒட்டாம வரும். அதுக்கு முன்னாடி விட்டீங்கன்னா தோலு கல்லோட போயிரும்.”

நான்கு வருடமாக என் மீனின் தோல் கல்லோடுதான் போகிறது. தோசைக்கல் சரியில்லை என்று இரண்டு தடவை கல்லை மாற்றினேன்!

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். “இப்ப!” என்றேன்.

“இன்னும் இல்லைங்க.”

கொஞ்ச நேரம் பொறுத்து, அவரே திருப்பினார். நாலும் பொன்னிறம். அடுத்த ஈடு போட்டார். மறுபடி கண்ணை மூடினேன். சடசட... சடசட... மெல்ல, மழை விட்டுத் தூறலாக மாறுவது போல அந்தச் சத்தம் மெலிந்தது. எனக்கே கேட்டது!

“இப்பவா குமரேசன்?”

“உடுங்க கரண்டியை.”

விட்டேன். மீன் வழுக்கிக்கொண்டு வந்தது. முழுத் தோலோடு! ஐம்பத்திரண்டு வயதில், அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று “ஹே!” என்று கத்தினேன். சமையலில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் இதற்கு முன் வந்ததில்லை.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பது மரியாதைக் குறைவோ என்று தோன்றியது. அதையும் கேட்டுவிட்டேன். “நல்லாப் பாருங்க, அதுக்குத்தான கூப்பிட்டேன்” என்றார்.

ஆட்காட்டி விரல் மீனின் முதுகோரமாகத் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு போட்டது. மேல் சதை பிரிந்து ஒதுங்கியது. வால் நுனியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். நடு முள் தலையோடு சேர்ந்து வந்தது, சீப்பு மாதிரி சுத்தமாக. வயிற்றோர முட்களை விரல் நுனி வழித்து எடுத்தது. தப்பி வாய்க்குள் போன பொடி முள்ளை நாக்கு தேடிப் பிடித்து உதட்டுக்குக் கொண்டுவந்தது. எல்லாம் தட்டின் இடது ஓரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தன. அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயையும் ரசித்தார். போன வாரம் நான் தட்டிப் பறித்தது என்ன என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சொன்னேன். “உடுங்க சார், இன்னொரு மீனு எடுத்துக்கங்க” என்று தட்டில் போட்டார்.

அதற்குள் என் போன் இரண்டு தடவை சத்தம் கொடுத்தது. இடது கையில் எடுத்துப் பார்த்தேன். மல்லிகா, “என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தாள். பதில் அடித்தேன். அப்படியே குரூப்பில் வந்திருந்த ஒரு வீடியோ... அதையும் தொட்டுவிட்டேன்.

குமரேசன் கை பாதியில் நின்றது.

“சார், இப்பச் சாப்பிட்டுட்டுத்தான இருக்கீங்க?”

“ஆமா.”

“போனையும் பாத்துட்டா?”

“ஆமா, வீட்டுலயும் அப்படித்தான். போன், இல்லைன்னா டிவி. ஏன் குமரேசன்?”

“முள்ளு மீனுங்க சார்!” உண்மையான பதற்றத்தோடு என் பக்கம் திரும்பினார். “நீங்க பாட்டுக்கு எங்கியோ பாத்துட்டு வாயில போடறீங்களே... பயமா இல்லைங்களா?”

நாற்பது வருடத்துக்கு மேலாக மீன் தின்கிறேன். தொண்டையில் முள் மாட்டியபோது கூட வராத பயம், அந்த நிமிஷம்தான் முதல் தடவையாக வந்தது.