கறுப்பு நூலில் ஒரு சங்கிலி

தின்னர் வாசனை. திருப்பதி பைபாஸ் ஓரத்து ஷெட் ஒன்றில் என் ஸ்கூட்டரின் கீறலைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பெயிண்டர் டப்பா மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார், அவ்வளவுதான். மூக்கில் ஏறிய காட்டம் என் ஒன்பதாவது வயதில் போய் இறங்கியது. கூரையில்லாத ஒரு அறை. நான்கு பக்கமும் பூசாத செங்கல் சுவர், மேலே வெறும் ஆகாயம். நடுவே பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் நைனா, என் அப்பா. அவருடைய தூரிகை நுனியில் கடுகளவு சிவப்பு.

நைனா குவைத்தில் ஒரு முதலாளி வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் ஷீட் போட்ட பழைய வீட்டில் இருந்தோம். அதை ஒட்டிப் புது வீட்டின் சுவர்கள் ஜன்னலைத் தாண்டி வந்து நின்றிருந்தன. மேலே தளம் போட அவர் இன்னொரு முறை போய்வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெயில் காய்கிறது, மழை பெய்கிறது என்பதுபோல அது எங்கள் வீட்டில் ஒரு சாதாரண விஷயம்.

அந்த முறை அவர் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று எங்களுக்கில்லை என்றார். முதலாளி வீட்டுப் பையனுடையது. அட்டையின் மேல் ஒரு ரேஸ் மோட்டார் சைக்கிள், சிவப்பும் வெள்ளையுமாக. ஓட்டுகிறவன் முழங்கால் ரோட்டைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தான். அவன் கீழே விழுந்துகொண்டிருக்கிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மூடியைத் திறந்தால் உள்ளே வண்டியைக் காணோம். பிளாஸ்டிக் சட்டங்களில் தொற்றிக்கொண்டு, கை வேறு கால் வேறாக, எண்ண முடியாத துண்டுகள்.

“ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டு ஒடச்சிட்டானுங்க” என்றாள் அம்மா.

என் தாய்மாமன் அட்டையையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். புத்தூரில் பைக்குகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். உடைந்த வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதுதான் தீர்ப்பு.

“கரெக்டாதான்கா போட்டுக்கறான். மேல உழறான், உள்ள நொறுங்கிக் கெடக்கறான்.”

நைனா வாய்விட்டுச் சிரித்தார். அந்த லீவில் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்பதை இத்தனை வருடம் கழித்துத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

அது உடைந்ததில்லை, நாமே சேர்த்து வண்டியாக்க வேண்டியது என்று அவர் விளக்கினார். பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துச் சலித்துப்போய், பெட்டியை டிரைவர் சீட்டில் எறிந்திருக்கிறான். ஊருக்குப் போகிறாயே, முடித்து எடுத்துக்கொண்டு வா என்றானாம். முடித்து எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் என் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டலாம் என்று நைனா எனக்கு வாக்குக் கொடுத்தார். ஆகவே எனக்கு அது முடிய வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும்.

வெளிச்சத்துக்காக, கூரையில்லாத அறையில் அவர் கடை விரித்தார். வழி சொல்லும் தாளில் எந்த ஊர் எழுத்தோ; ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் படங்கள் இருந்தன, படங்களுக்கிடையே அம்புகள் இருந்தன. நைனா நகவெட்டியால் ஒரு துண்டை நறுக்குவார், டம்ளர் தண்ணீரில் வாட்டர் பேப்பரை நனைத்து அதன் பிசிறைத் தேய்ப்பார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். லாரி ஓட்டிப் பழகிய, உலக்கைபோலத் திரண்ட கைகள் அவருக்கு. அந்தக் கைகளிலிருந்து பேன் சீப்பின் பற்கள்போல அடுக்கடுக்கான தகடுகளோடு ஒரு இன்ஜின் பிறந்தது. பேனா ஸ்பிரிங்கில் பாதிகூட இல்லாத ஒரு ஸ்பிரிங் பின்சக்கரத்தைத் தாங்கியது. அழுத்தினால் வண்டி குனிந்து எழுந்தது. டயர் நிஜ ரப்பர். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். என் மூச்சுக் காற்றில் ஏதாவது பறந்துவிடும் என்று பயம். இவ்வளவு சின்னதாக உலகம் இருக்க முடியும் என்பதும், சின்னதாகும்போது அது இன்னும் உண்மையாகிவிடும் என்பதும் அன்று எனக்குள் இறங்கிய பிரமிப்பு. இன்னும் அது வெளியேறவில்லை.

“குவைத்துல ராவுல எங்க படுப்ப நைனா?”

“வண்டிக்குப் பக்கத்துல ரூம்பு பாப்பா.”

“ஃபேன் இருக்குதா?”

“இந்த சைலன்சரப் புடி. சாயாம புடி.”

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோட்டில் எந்தக் காரின் ஹாரன் கேட்டாலும் நைனா எழுந்து நின்றுவிடுவார். சோற்றில் கை இருந்தாலும் நிற்பார். இடுப்பில் இல்லாத சாவியைத் தடவுவார், எங்களைப் பார்ப்பார், மெல்ல உட்கார்வார். எனக்கு அது ஒரு விளையாட்டாகிப் போனது. கதவுக்குப் பின்னால் நின்று “பாம், பாம்” என்பேன். எழுந்து நிற்பார். நான் உருண்டு புரண்டு சிரிப்பேன். அவரும் காதைத் திருக வருவதுபோல் கையை நீட்டிப் புன்னகைப்பார். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “துன்னும்போது இன்னாடி கூத்து, போய்ப் படி” என்பாள்.

மாமாவின் பட்டறையிலிருந்து சின்னச் சின்ன மருந்து பாட்டில்களில் பெயிண்ட் வந்தது. முதல் தடவை அடித்த சிவப்பில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டது என்று நைனா முழுக்கத் தேய்த்து எடுத்தார். இரண்டாம் தடவை தோல் ஆரஞ்சுப் பழம்போலச் சொரசொரப்பாக இருக்கிறது என்று எடுத்தார். மூன்றாம் தடவை எனக்குக் குறையே தெரியவில்லை. கோழிக் கூடையைக் கவிழ்த்து, மேலே வேட்டி போர்த்தி, உள்ளே காயவைத்திருந்த பெட்ரோல் டேங்க்கில் என் முகம் தெரிந்தது. அதையும் எடுத்தார்.

“நெஜ பைக்குக்கே நான் ரெண்டு கோட்டுதான் அடிக்கறேன் மாமா” என்றார் தாய்மாமன். நைனாவை அவர் மாமா என்பார். “உள்ளங்கை அகலம் இதுக்கு ஆறு கோட்டா?”

“செவப்பு இன்னும் ஆழம் பத்தல மச்சான்.”

“கெணறா வெட்ற?”

கடைசியில் ஆழம் வந்தது. நீர்ச் சாசரில் ஊறவைத்ததும் பாலாடைபோல வழுக்கி வந்த எழுத்துப் படங்களை ஊசி முனையால் நகர்த்தி ஒட்டினார். ஒவ்வொரு சட்டமாகக் காலியாகிக்கொண்டே வந்தது. அதற்குள் டிக்கெட் ஒருமுறை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை.

ஒருநாள் டெலிபோன் பூத்காரர் தெருமுனையிலிருந்தே கத்தினார். அவசரம் என்றால் அவருக்குத் தெலுங்குதான் வரும். “குவைத் நுஞ்சி போன் ஒச்சிந்தி, தொந்தரகா ரா!” குவைத்திலிருந்து போன், சீக்கிரம் வா என்கிறார்; நானும் நைனாவோடு ஓடினேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவர் விறைப்பாக நின்றார், எதிரே யாரோ நிற்பதுபோல. “எஸ் பாபா” என்றார். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் “எஸ் பாபா.” திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அதைத் தொடவில்லை.

அடுத்த நாள்தான் சங்கிலி இல்லை என்பது தெரிந்தது. படத்தில் இருந்தது, இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கறுப்புச் சங்கிலி. சட்டத்தில் அது இருந்திருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக இருந்தது. பையன் தொலைத்திருப்பான் என்றார் நைனா. பழைய கைக்கடிகாரங்களின் சங்கிலி, என் கொலுசின் உடைந்த கண்ணி, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

“சங்கிலி இல்லாட்டி இன்னா மாமா, அந்தப் பையன் அதும்மேல ஏறி இஸ்கூலுக்கா போப்போறான்?” என்று தாய்மாமன் சத்தம் போட்டார். “மாசக் கடைசிக்குள்ள போகலன்னா விசா அடிபட்டுடும். அப்பால தலைகீழா நின்னாலும் கெடைக்காது.”

“சங்கிலி இல்லாததப் போயி வண்டின்னு எப்படி மச்சான் குடுக்கறது?”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சுவரை என்று கேட்டால், தளம் இல்லாத சுவரை.

அந்த வாரத்தில் ஒரு காலை, பென்சில் சீவப் பழைய பிளேடு தேடி நைனாவின் சவரப் பெட்டியைத் திறந்தேன். அவர் மெருகுக்கு ஏதோ வாங்கப் புத்தூர் போயிருந்தார். சோப்புக்கு அடியில் மடித்த காகிதம். பிரித்தால் சங்கிலி. எறும்புகள் ஒன்றன் காலை ஒன்று பிடித்து வரிசையாகப் போவதுபோல, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிகிற, விரல் நீளச் சங்கிலி.

நான் பறந்தேன். அம்மா பவர்லூம் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த ஷெட்டுக்குள் வாய் அசையும், வார்த்தை கேட்காது. நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அம்மா தன் தறியை நிறுத்தினாள். ஷெட் முதலாளி இருக்கும்போது அவள் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“சவரப் பெட்டில. காயிதத்துல மடிச்சி. நைனா மறந்துட்டுக்குது போல.”

அம்மா அதை வாங்கித் தன் நடுவிரலில் நீட்டி வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். நைனாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் அதை மறுபடியும் காகிதத்தில் வைத்து, இருந்த மடிப்பு மாறாமல் மடித்தாள்.

“இருந்த எடத்துலயே வெச்சிட்டு வா. நீ பாக்கல. நானும் பாக்கல. நைனாகிட்ட வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

அன்று மத்தியானத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஷெட் வாசலில் உட்கார்ந்து அம்மா ஒரு வேலை ஆரம்பித்தாள். ஒரு பலகைத் துண்டில் இரண்டு மெல்லிய ஊசிகளை நெருக்கமாகக் குத்தினாள். கறுப்பு நூலால் அவற்றைச் சுற்றி எட்டுப் போட்டாள், நடுவில் ஒரு முடிச்சு. நகர்த்தி மறுபடி எட்டு, மறுபடி முடிச்சு. தறியில் அறுந்த இழையை, துணியில் தடம் தெரியாமல், கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுகிற விரல்கள் அவை. தினமும் நூறு தடவை அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்ததேயில்லை. சோற்றுக் கஞ்சியைத் தடவி விறைக்க வைத்தாள். ஒரு கண்ணி பிசகினாலும் எல்லாவற்றையும் அவிழ்த்தாள். ஐந்து நாள். ஐந்தாம் நாள் என் பென்சிலை வாங்கி, அதன் கரியைப் பொடி செய்து விரல் நுனியால் தேய்த்தாள். நூல் இரும்பாயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணெதிரே நூல் இரும்பாயிற்று; எண்ணெய் போட்ட, ஓடத் தயாரான, கனத்த இரும்பு. அது வரைக்கும் எங்கள் வீட்டில் நைனா ஒருவர்தான் மந்திரக்காரர் என்று நினைத்திருந்தேன்.

சாயங்கால வெயில் செங்கல்மேல் விழுந்துகொண்டிருந்தபோது அம்மா கூரையில்லாத அறைக்குள் வந்தாள். கையை நீட்டச் சொன்னாள். நைனாவின் உள்ளங்கையில் சங்கிலியை வைத்தாள்.

“பத்துதா பாரு.”

அவர் அதை இன்ஜின் பல்லில் மாட்டி, பின்சக்கரத்தின் பல்லில் மாட்டினார். தொய்வும் இல்லை, இழுப்பும் இல்லை. சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலியும் கூடவே நகர்ந்தது. அசல்கூட அப்படி நகர்ந்திருக்காது என்று இன்று தோன்றுகிறது. நான் கைதட்டினேன்.

“அளவு எப்படிமே தெரிஞ்சிது?” என்று கேட்டார் நைனா, வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கண்ணளவுதான்.”

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். பிறகு அவர் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தின்னர் கண்ணில் பட்டுவிட்டது என்றார். டப்பா அன்று மூடித்தான் இருந்தது.

மறுநாள் டிக்கெட் உறுதியானது. அதற்கடுத்த நாள் வண்டி என் பள்ளிக்கூடத்துக்குப் போனது. நைனாவே தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். மொத்த வகுப்பும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து பார்த்தது. யாரும் சொல்லாமலே அப்படிக் கட்டிக்கொண்டார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வரிசையில் வந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ரகசியம் ஒன்று வயிற்றுக்குள் துள்ளிக்கொண்டிருந்ததும் அந்தச் சந்தோஷத்தில் சேர்த்தி. ஆனால் அசல் சங்கிலி வீட்டிலேயே இருக்கும்போது கண்ணைக் கெடுத்துக்கொண்டு எதற்காக இன்னொன்று செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு மறதி அதிகம் என்று முடிவு செய்துகொண்டேன். நைனாவுக்கும்தான். இரண்டு மறதிக்காரர்களுக்குப் பிறந்தவள் நான், எவ்வளவு கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

நகரி ஸ்டேஷனில் சென்னை வண்டி காலையில் வந்தது. தாய்மாமன் சூட்கேஸை ஏற்றினார். மோட்டார் சைக்கிள் இருந்த பெட்டியை மட்டும் நைனா யாரிடமும் தரவில்லை. பஞ்சு அடைத்து, ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டார். என் தலையைத் தொட்டார். அம்மாவிடம் சிமெண்ட் மூட்டையைப் பற்றியும் கொத்தனாரைப் பற்றியும் ஏதேதோ சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ரயில் அசைந்தது. அம்மா கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள், நான் அவள் முந்தானையைப் பிடித்தபடி.

“நூலுதான, அங்க போயி அறுந்துட்டா இன்னாமே பண்றது?” என்று கேட்டார் நைனா.

“அறுந்தா யார் கையிலயும் காட்டாத” என்றாள் அம்மா. “எட்த்துக்கினு வந்துடு.”