படமில்லாத பெட்டி

பாட்டுப் பதிவு செய்யும் கடை வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வருகிறவர் பாட்டின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுவார். மட்டக்களப்பு நகரத்தில் இருபது வருடம் நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன். என்னைப்போல் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற உங்களுக்கு, பெயரை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்த ஒரே மனிதரைப் பற்றிச் சொல்லுகிறேன்.

பட்டியல்

சுனாமி வந்து இரண்டு மாதம் இருக்கும். யாரும் பாட்டுக் கேட்டு வராத நாட்கள். கடையைத் திறந்து வைக்கவே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் டெரிக் அண்ணன் வந்தார். கல்லடியில் தச்சுவேலை செய்யும், போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். கலியாண வீடுகளில் அவர் ட்ரம் அடிக்க, தம்பி பெனடிக்ட் பேஸ் கிற்றார் வாசிப்பார். வீட்டையும் தம்பியையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது.

கையில் ஒரு கடதாசி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கேட்டு வளர்ந்த ஒரு வெளிநாட்டு ஜாஸ்-ரொக் குழுவின் ஆறு இசைத்தட்டுகளின் பெயர்களைத் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தார். கூரைத் தகரம் தேடவேண்டிய ஆள் இசைத்தட்டுத் தேடுகிறாரே என்று எனக்கு எரிச்சல். "முதல்ல வீட்டைப் பாருங்கண்ணே" என்று சொல்லியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. "வீட்ட நானே கட்டுவன் மனே. இத என்னால செய்ய ஏலாதே."

சோதனை

நாலு வருடம் தேடினோம். கடைசியில் மெல்பேர்னில் இருக்கும் அவருடைய அக்கா வாங்கி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தது நான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள்.

சிப்பாய் பெட்டியைத் திறந்தான். மலிவுப் பதிப்பு. ஆறு சீடி, ஆறு வெள்ளை அட்டை உறை, உறைக்கு ஒரு இலக்கம். படம் இல்லை, புத்தகம் இல்லை, வாசித்தவர்களின் பெயரும் இல்லை. அந்தக் காலத்தில், புலிகளின் பாட்டு என்று சந்தேகம் வரக்கூடிய பெயரில்லாத சீடியோடு அகப்படுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காவலரணில் இருந்த பிளேயரில் அவன் ஒன்றைப் போட்டான். ட்ரம்மும் கிற்றாரும் ஓடிக்கொண்டே இருந்தன. பாடுவதற்கு ஒருவரும் வரவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "இதில யாரும் பேசுறது இல்ல. நீ போ."

வெள்ளை உறை

பெட்டியைக் கொடுக்கும்போது நானே செய்த குற்றம்போல மன்னிப்புக் கேட்டேன். வண்ணப் படங்களோடு பெரிய பெட்டியும் வந்திருக்கிறதாம், அக்காவுக்குக் கிடைத்தது இதுதான். வேண்டுமானால் உறைகளுக்குப் படம் அச்சடித்து ஒட்டித் தருகிறேன் என்றேன்.

டெரிக் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடையில் போட்டும் கேட்டார். பதிப்பித்தவர்கள் ஒன்றையும் வெட்டவில்லை, புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பழைய தட்டுகளில் இருந்த அதே ஒழுங்கு. தம்பியின் படங்களைச் சேற்றிலிருந்து எடுத்து அவர் கழுவியதும், கழுவக் கழுவ முகம் கரைந்து போனதும், படம் ஒட்டித் தருகிறேன் என்றபோது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. "படமெல்லாம் தண்ணியில அழிஞ்சிரும் மனே. சத்தம் போதும்."

என் குரல்

அவருடைய பட்டறையில் இருந்தது பழைய கசெட் பிளேயர் மட்டும். ஆகவே ஆறையும் கசெட்டில் பதிந்து கொடுத்தேன். எங்கள் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எங்கே கொஞ்சம் வெற்றிடம் கிடைத்தாலும் எதிரொலியோடு கடைப் பெயரைச் சொல்லிவிடுவோம். நாலாவது சீடியில் ஒரு நீளமான உருப்படி, நடுவில் திடீரென்று எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. சீடியில் ஏதோ பழுது என்று நினைத்து, அந்த இடத்தில் என் குரலை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் அவர் வந்தார். தலைமயிரில் மரத்தூள், கையில் அந்தக் கசெட். சத்தம் போடவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் பெனடிக்ட் ஒரு விரலைத் தூக்குவாராம். ஒருவரும் மூச்சுவிடக்கூடாதாம். மனதுக்குள் நாலு எண்ணி, வாத்தியங்கள் திரும்ப வரும் அதே கணத்தில் கிற்றாரைத் தொடுவாராம். ஒரு நாளும் பிந்தியதில்லையாம். "அந்த நாலு எண்ணுற நேரத்துக்குள்ளதான் மனே அவன் இரிக்கான். நீ அதுக்குள்ள நிண்டு கடைப்பேரு சொல்லுறாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

வெடிச்சத்தம்

திரும்பப் பதிந்து முடித்தது, போர் முடிந்த வாரத்தில். இராணுவம் வென்றுவிட்டதென்று நகரத்தில் பட்டாசு வெடித்தார்கள். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் உறவினர் அகப்பட்டிருந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, சரிபார்ப்பதற்காகக் கசெட்டை ஓடவிட்டேன். டெரிக் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. அவர் விரலைத் தூக்கினார். வெளியே ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது; அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். நாலாவதில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அவர் விரலை மெதுவாக மடக்கினார். "பிந்தல்ல. சரியா வந்திட்டான்."

இருபது வருடம் ஊருக்கெல்லாம் சத்தம் விற்ற நான், உருப்படியாகச் செய்த ஒரே வேலை நாலு எண்ணும் நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.