சாவி வாட்ச்சுக்கு ஊற்றிய எண்ணெய்

மிலிட்டரியிலிருந்து திரும்பி வந்தவனுக்கு எங்கள் ஊரில் ஒரே வேலைதான் வைத்திருக்கிறார்கள். கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கார் வந்தால் எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும். என் மனைவியின் அண்ணன் அந்த வேலையைத்தான் கொண்டு வந்தான். ஈசிஆரில் ஏதோ ரிசார்ட்.

"உக்காந்துகினே சம்பளம் மாப்ள. கசக்குதா உனக்கு?"

கசந்தது. எல்லையில் ஷெல் விழுந்து என் இடது காதுதான் போனது. கையும் கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. குடித்துவிட்டு வருகிறவனுக்கு கேட் திறந்துவிடவா நான் அங்கே பனியில் கிடந்தேன்?

"பொங்கல் வரைக்கும்தான் எடத்த புடிச்சு வெக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு வாட்ச் கடை. கடைக்காரன் என்னைவிடச் சின்னவன். தொழில் கற்றுக்கொடு என்று கேட்டேன். அவனும் பொங்கலைத்தான் சொன்னான். "அதுக்குள்ள ஒரு சாவி வாட்ச்ச பிரிச்சு மாட்டி ஓட வெச்சீங்கன்னா இருங்கண்ணா. இல்லன்னா எடத்த அடைக்காதீங்க." பேட்டரி போடுவதை எவனும் செய்வானாம். சாவி கொடுக்கிற வாட்ச்தான் தொழிலாம்.

கடைக்கு வருகிறவர்கள் வேறு உயிரை எடுத்தார்கள். டிபன் ஆச்சா என்று கேட்கிற மாதிரி, "எத்தினி பேர சுட்ட?" என்று கேட்பார்கள். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுகைவிடச் சின்ன திருகைப் பிடித்திருக்கும்போதுதான் கேட்பார்கள். திருகு எங்கேயாவது தெறிக்கும். தரையில் தவழ்ந்து தேடுவேன். "மிலிட்டரிக்காரர் பொசிஷன் எடுக்கறாரு டோய்" என்று ஒருவன் சிரித்தான். அவன் வாட்ச்சைக் கடைசியில்தான் தொட்டேன்.

உப்பள மேஸ்திரி ஒருத்தர், கல்யாணத்தில் மாமனார் போட்ட சாவி வாட்ச்சைக் கொண்டு வந்தார். உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை தொடங்கிவிட்டது, வாட்ச் இல்லாமல் முடியாது என்றார். செல்போன் ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம். எங்கள் பக்கத்து வாட்ச்சைத் திறப்பதே பாதி வேலை. உப்பு பூத்து மூடி பிடித்துக்கொள்ளும். எப்படியோ திறந்தேன், பெட்ரோலில் கழுவினேன், திரும்பக் கோத்தேன். ஓடியது.

அப்புறம்தான் எண்ணெய் போட்டேன்.

துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தால் எண்ணெய் போட்டே ஆக வேண்டும். காய்ந்த இரும்பு நேரம் பார்த்துக் காலை வாரும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே உப்புக் காற்று வேறு. எந்தச் சக்கரத்தையும் விடவில்லை. பளபளவென்று இருந்தது. கடைக்காரன் சரக்கு எடுக்கப் பாண்டிச்சேரி போயிருந்தான். மேஸ்திரி வந்ததும் நானே பெரிய மனுஷனாக எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே வாட்ச்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இது ஓடல சாமி, பறக்குது! சோத்து நேரம்னு சொன்னேன், பொம்பளைங்கல்லாம் கரை ஏறிட்டாங்க. பாத்தா வெயிலே இன்னும் ஏறல. ஓனரு என்னப் புடிச்சு கிழிக்கிறான். எறங்குங்கன்னா எவ எறங்குவா?"

கடைக்காரன் மூடியைத் திறந்து பார்த்தான். "இன்னாண்ணா இது, வாட்ச்சா வடையா? புழிஞ்சா எண்ணெ வழியுது."

உள்ளே முடி போல ஒரு சுருள் கம்பி இருக்கிறது. அது விரிந்து சுருங்குகிற கணக்கில்தான் நேரமே ஓடுகிறது. எண்ணெய் பட்டதும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாட்ச் தலைதெறிக்க ஓடியிருக்கிறது. சக்கரத்துப் பல்லில் எண்ணெய் படவே கூடாதாம். அச்சு உட்காருகிற குழியில் ஊசி முனையால் தொட்டு வைத்தால் போதுமாம்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நான் வர்றதுக்குள்ள யாருண்ணா தூக்கிக் குடுக்கச் சொன்னது?"

கேள்வி சரிதான். அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது. நானே திரும்பப் பிரிக்கிறேன் என்றேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்காரனிடம், "நீ கூட இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிக்கு முந்தின நாள், எண்ணெய் போகக் கழுவிய சுருள் கம்பியை இடுக்கியில் பிடித்திருந்தேன். கொஞ்சம் நசுங்கினாலும் வாட்ச் போச்சு, என் இடமும் போச்சு. அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து நின்றிருக்கிறான், என் இடது பக்கமாக. யூனிஃபார்ம் அளவு வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ பேசியிருக்கிறான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கம்பி உட்கார்ந்தது.

"அவருக்கு அந்தப் பக்கம் கேக்காதுங்க" என்று கடைக்காரன் சொன்ன பிறகுதான் மச்சான் சுற்றி வந்து விளக்கை மறைத்தான்.

"வெளிச்சத்த விட்டு நகரு" என்றேன்.

"மாப்ள, கடைசியா கேக்கறேன்."

"மொதல்ல நகரு."

ஊசி முனையால் எண்ணெய் தொட்டு வைத்தேன். மூடியை இன்னும் போடவில்லை. கம்பி மாட்டிய சக்கரம் போய்ப் போய் வந்தது. கடைக்காரன் தன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். நாளை வரை இங்கேயே ஓடட்டும் என்றான். மச்சான் பதில் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

போகியன்று சாயந்திரம் வாட்ச்சும் கடைக்காரன் செல்போனும் ஒரே நேரம் காட்டின. மேஸ்திரி கையில் கட்டிக்கொண்டார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. "இந்தத் தடவ வெயிலும் இதுவும் ஒத்துப் போவுமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

நான் மச்சானுக்கு போன் போட்டு, அந்த நாற்காலியில் வேறு எவனையாவது உட்கார வை என்றேன். திட்டினான். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஷட்டரை இறக்கும்போது கடைக்காரன், "பொங்கல் முடிஞ்சதும் வந்துடுங்கண்ணா" என்றான். "எண்ணெ பாட்டில் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

இன்றைக்கும் அவனிடம்தான் இருக்கிறது. ஒரு சொட்டு வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எரிச்சலாக வருகிறது.